மூணு ஊர் வேண்டாம், சைகோன் போதும்! அம்மாவோடு ஐந்து நாள் வியட்நாம்

வியட்நாம்காரர்கள் தங்கள் நாட்டு வரைபடத்தைத் தோளில் தூக்கும் காவடிக்கு ஒப்பிடுவார்கள். நடுவில் மெலிந்த, நீளமான தண்டு. இரண்டு முனையிலும் இரண்டு நெல் கூடைகள். மேல் கூடை, ஹனோய் இருக்கும் செவ்வாற்று டெல்டா. கீழ்க் கூடை, சைகோனை ஒட்டிய மீகாங் டெல்டா. இந்த இரண்டு நகரங்களுக்கும் நடுவே ரயில் பாதை 1,726 கிலோமீட்டர். முப்பது மணி நேரத்துக்கு மேல் உட்கார வேண்டும். விமானத்தில் இரண்டு மணி நேரம்தான். ஆனால், அறையைக் காலி செய்து, பெட்டியைக் கட்டி, விமான நிலையத்தில் காத்திருந்து, இறங்கி, மறுபடி அறை தேடிப் போவதற்குள் ஒரு பகல் காணாமல் போயிருக்கும்.

ஐந்து நாள் விடுமுறையில் வியட்நாம் போக நினைப்பவர்கள் முதலில் போட வேண்டியது இந்தக் கணக்கைத்தான். எங்கள் வீட்டில் இதற்காக ஒரு பட்டிமன்றமே நடந்தது.

‘போறதே ஒரு தடவை!’

அம்மா சத்துணவு அமைப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வின்போது கையில் வந்த தொகையில் ஒரு பகுதியை, ‘இது எனக்கு’ என்று தனியாக எடுத்து வைத்தார். அவர் தனக்கென்று பணம் எடுத்து வைத்து நான் பார்த்தது அதுதான் முதல் முறை. பாஸ்போர்ட்டும் முதல் பாஸ்போர்ட்தான். எந்த நாடு என்று கேட்டதற்கு, “சைகோன்” என்றார். எங்கள் ஊர் சிவகங்கைப் பக்கம். அங்கே பெரியவர்களுக்கு வியட்நாம் என்பதைவிட சைகோன் என்ற பெயர்தான் பழக்கம். 1976-ல் அதன் பெயர் ஹோ சி மின் நகரம் என்று மாறிவிட்டது. ஆனாலும் அந்த ஊர்க்காரர்களே பேச்சில் இன்னும் சைகோன் என்றுதான் சொல்கிறார்கள்.

விஷயம் குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்குப் போனதும், பெரியம்மா மகன் அண்ணன் ஒரு பேக்கேஜ் விளம்பரத்தைப் போட்டார். ஐந்து நாள், மூன்று நகரங்கள். ஹனோய், டா நாங், சைகோன். நடுவில் ஹா லாங் வளைகுடாவில் படகு, பா நா மலையில் பெரிய கைகள் தாங்கும் தங்கப் பாலம். விலையும் எங்கள் பட்ஜெட்டுக்குள்தான்.

“சித்தி போறதே ஒரு தடவை. எல்லாத்தையும் பார்த்துட்டு வந்துடட்டுமே” என்றார் அண்ணன். அம்மாவும் அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டார். இன்னொரு முறை போவோமா என்று தெரியாதவர்களுக்கு இந்த வாதம் நியாயமாகத்தான் படும்.

நான் அம்மாவிடம் ஒன்றே ஒன்று கேட்டேன். “காசி டூர் போனியே, ஒன்பது நாள்ல ஏழு ஊர். என்னம்மா ஞாபகம் இருக்கு?”

அம்மா கொஞ்ச நேரம் யோசித்தார். “பஸ்ல ஏறு, பஸ்ல இறங்குன்னு சொல்லிக்கிட்டே இருப்பாங்கள்ல... அதுதான். அப்புறம் பாத்ரூம் வரிசை.”

அம்மாவுக்கு இரண்டு முழங்காலிலும் தேய்மானம் உண்டு. பேக்கேஜில் மூன்று ஓட்டல்கள், நான்கு விமானங்கள். வாழ்க்கையில் ஒரு தடவைதான் என்றால், அந்த ஒரு தடவை ஞாபகத்தில் நிற்க வேண்டாமா? அண்ணனிடம் இதைத்தான் சொன்னேன். “சரிம்மா, கூட்டிட்டுப் போறது நீ. உன் இஷ்டம்” என்று முடித்துக்கொண்டார்.

ஆக, திட்டம் இதுதான். ஒரே ஊர், ஒரே அறை, ஒரே கட்டில். பகலில் பக்கத்து ஊருக்குப் போய்விட்டு, ராத்திரி அதே தலையணைக்குத் திரும்பிவிட வேண்டும்.

ஏன் சைகோன்?

முதல் காரணம், பயண தூரம். திருச்சியிலிருந்து ஹோ சி மின் நகருக்கு 2023-ல் வியட்ஜெட் நேரடி விமானம் தொடங்கியது. ஊரிலிருந்து சென்னைக்குப் போய், அங்கிருந்து இன்னொரு நாடு மாறும் அலைச்சல் இல்லை. அட்டவணை அவ்வப்போது மாறும் என்பதால், நாள்களைப் பார்த்துவிட்டு அப்புறம் லீவு போடுங்கள். இரண்டாவது, அங்குள்ள டான் சன் நியத் விமான நிலையம் நகரத்துக்குள்ளேயே இருக்கிறது. மையப் பகுதி ஏழெட்டு கிலோமீட்டர்தான். மூன்றாவது, போர்க்காலச் சுரங்கம், மீகாங் ஆறு என்று ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத இரண்டு இடங்கள், ஒரே பகலில் போய்த் திரும்பும் தூரத்தில் இருக்கின்றன.

விசா கட்டாயம். ஆன்லைனில் இ-விசா எடுக்கலாம். ஒருமுறை நுழைய 25 டாலர், பலமுறை நுழைய 50 டாலர். நிராகரித்தாலும் பணம் திரும்பாது. இதே வேலைக்குக் கூடுதலாக வசூலிக்கும் தனியார் தளங்கள் நிறைய இருப்பதால், வியட்நாம் அரசின் தளம்தானா என்று முகவரியைப் பார்த்துக்கொள்ளுங்கள். நம் பெயரில் இனிஷியலை விரிப்பதா, அப்பா பெயர் எங்கே வரும் என்ற குழப்பம் எப்போதும் உண்டு. பாஸ்போர்ட்டில் எப்படி இருக்கிறதோ, எழுத்துக்கு எழுத்து அப்படியே நிரப்புங்கள். எந்த விமான நிலையத்தில் இறங்குகிறோம் என்பதையும் சரியாகக் குறிப்பிட வேண்டும்.

டிசம்பர் முதல் ஏப்ரல் வரை அங்கே மழை இல்லாத காலம். நாங்கள் போனது டிசம்பரில். ஜனவரி கடைசியிலோ பிப்ரவரியிலோ வரும் ‘டெட்’ புத்தாண்டு வாரத்தைத் தவிர்ப்பது நல்லது. நம் ஊர் பொங்கல்போல எல்லோரும் சொந்த ஊருக்குப் போய்விடுவதால் பல கடைகள் பூட்டியிருக்கும்.

அறை எடுக்கும்போது ஒரு விஷயம். 2025 ஜூலையில் வியட்நாம் தன் மாவட்ட அமைப்பையே எடுத்துவிட்டது. ஆனாலும் முன்பதிவுத் தளங்களிலும் மக்கள் பேச்சிலும் ‘டிஸ்ட்ரிக்ட் 1’ என்ற பழைய பெயர் நீடிக்கிறது. அதுதான் மையப் பகுதி. நாங்கள் அங்கே, பென் தான் சந்தைக்கு நடந்து போகும் தூரத்தில், லிஃப்ட் உள்ள சின்ன ஓட்டலாகப் பார்த்து எடுத்தோம். அந்த ஊர்க் கட்டடங்கள் தீப்பெட்டியை நிமிர்த்தி வைத்தாற்போலக் குறுகலாக, உயரமாக இருக்கும். வயதானவர்களோடு போகிறவர்கள் நீச்சல் குளத்தைத் தேட வேண்டாம், லிஃப்ட் இருக்கிறதா என்று கேளுங்கள்.

முதல் நாள்: தூக்கம், அப்புறம் மாரியம்மன்

காலையில் இறங்கி, அறைக்குப் போய், மதியம் வரை தூங்கினோம். அங்கே நேரம் நம்மைவிட ஒன்றரை மணி முந்தியது. மாலையில் நடை தூரத்திலேயே இருக்கும் மாரியம்மன் கோயிலுக்குப் போனோம்.

பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் வட்டித் தொழிலுக்கும் வணிகத்துக்கும் வந்த நகரத்தார் கட்டிய கோயில்களில் இதுவும் ஒன்று. இதே நகர மையத்தில் தெண்டாயுதபாணி கோயிலும் இருக்கிறது. 1975-ல் போர் முடிந்த பிறகு தமிழர்களில் பெரும்பாலோர் வெளியேறிவிட்டார்கள். சாமிகள் இங்கேயே தங்கிவிட்டன. இன்று கும்பிட வருகிறவர்களில் பெரும்பாலோர் வியட்நாமியர்கள், சீன வம்சாவளியினர். கற்றை ஊதுபத்தியைத் தலைக்குமேல் தூக்கி மூன்று முறை குனிகிறார்கள். சிலர் கருவறைச் சுற்றுச்சுவரில் நெற்றியை வைத்து ஏதோ முணுமுணுக்கிறார்கள். அம்மா அதைப் பார்த்து, “நம்ம ஊர்ல நந்தி காதுல சொல்லுவோமே, அந்த மாதிரிடி” என்றார். தானும் போய் நெற்றியை வைத்தார். என்ன சொன்னார் என்று நான் கேட்கவில்லை.

சாலையைக் கடப்பதுதான் அன்றைய பெரிய சாகசம். ஸ்கூட்டர் வெள்ளம் நிற்கவே நிற்காது. ஓடக் கூடாது, தயங்கி நிற்கவும் கூடாது. ஒரே சீரான வேகத்தில் மெல்ல நடந்தால், வண்டிகள் நம்மைச் சுற்றிக்கொண்டு போகின்றன. முழங்கால் வலிக்காரருக்கு இந்த விதி சரியாகப் பொருந்தியது. அம்மாவால் வேறு வேகத்தில் நடக்க முடியாதே!

இரண்டாம் நாள்: கூச்சி சுரங்கம்

நகரத்திலிருந்து வடமேற்கே கூச்சி. பென் டின், பென் யூவக் என்று இரண்டு இடங்களில் சுரங்கங்களைப் பார்க்கலாம். பென் டின் கிட்டத்தில் இருக்கிறது. பெரும்பாலான சுற்றுலா பஸ்கள் அங்கேதான் போகும். பென் யூவக் இன்னும் கொஞ்சம் தள்ளி, கூட்டம் குறைவு. நாங்கள் காலையிலேயே காரில் பென் யூவக் போனோம்.

உச்சத்தில் இருந்தபோது இந்தச் சுரங்கப் பின்னலின் மொத்த நீளம் சுமார் 250 கிலோமீட்டர். மூன்று அடுக்கு. அமெரிக்கப் படையின் பெரிய முகாம் ஒன்று இதே கூச்சியில், கிட்டத்தட்ட இவர்கள் தலைக்கு மேலேயே இருந்தது. மண்ணுக்கு அடியில் தூங்கி, சமைத்து, வைத்தியம் பார்த்து, குழந்தை பெற்று வாழ்ந்திருக்கிறார்கள். குண்டு விழுந்த பள்ளங்கள் இன்னும் அப்படியே கிடக்கின்றன.

சுற்றுலாப் பயணிகளுக்காகக் கொஞ்சம் அகலமாக்கிய சுரங்கத்தில் குனிந்து, தவழ்ந்து போகலாம். இடையிடையே வெளியேறும் வழிகள் உண்டு. நான் இறங்கினேன். முதல் வெளியேறும் வழி வருவதற்குள்ளேயே மூச்சு முட்டியது. அம்மா இறங்கவில்லை, இறங்கவும் முடியாது. அதற்காக அவர் எதையும் தவறவிட்டதாக எனக்குத் தோன்றவில்லை. பதுங்குகுழிகள், பொறிகள், டயரை வெட்டிச் செருப்பு தைக்கும் இடம் என்று பார்க்க வேண்டியவற்றில் பாதிக்கு மேல் தரைமட்டத்தில்தான் இருக்கின்றன.

அம்மா அதிக நேரம் நின்றது சமையல்கூடத்தில். தரைக்கு அடியில் அடுப்பு எரிந்தால் புகை மேலே வரும். புகை வந்தால் விமானம் வரும். அதனால் அடுப்பிலிருந்து நீளமான கால்வாய்களை வெட்டி, புகையை அறை அறையாகத் தங்கவைத்து, ஆற்றி, கடைசியில் தூரத்தில் எங்கோ இலை மூடிய இடத்தில் பனிமூட்டம்போல மெல்லக் கசியவிட்டிருக்கிறார்கள். ஹோவாங் காம் என்ற ராணுவச் சமையல்காரர் பிரெஞ்சுக்காரர்களுக்கு எதிரான போரின்போது உருவாக்கிய முறை அது. அடுப்புக்கு அவர் பெயர்தான். விடியற்காலைப் பனியிலேயே சமையலை முடித்துவிடுவார்களாம்.

வழிகாட்டிப் பெண் ஆங்கிலத்தில் சொன்னதை நான் தமிழில் சொல்லச் சொல்ல, அம்மா அடுப்பு வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். சத்துணவு மையத்துக்கு கேஸ் வருவதற்கு முன்பு விறகடுப்பில் நூறு பிள்ளைகளுக்குச் சோறு பொங்கவைத்தவர். “ஈர விறகா இருந்தா என்ன பண்ணியிருப்பாங்க? அந்தப் புகை அடங்காதே” என்று கேட்டார். வழிகாட்டியிடம் அதை மொழிபெயர்த்தேன். காய்ந்த விறகாகப் பார்த்துத்தான் எடுப்பார்கள் என்று பதில் வந்தது. “இருமல் வந்திருக்கும். இருமவும் முடியாது, பாவம்” என்றார் அம்மா. சுரங்கத்துக்குள் தவழ்ந்து வந்த எனக்கு அந்த இருமல் தோன்றவே இல்லை.

முடிவில் எல்லோருக்கும் வேகவைத்த மரவள்ளிக்கிழங்கு தருகிறார்கள். தொட்டுக்கொள்ள வேர்க்கடலை, எள், உப்பு, சர்க்கரை கலந்த பொடி. போர்க்காலத்தில் அவர்களுக்குச் சோறு அதுதான். பக்கத்திலேயே காசு கட்டி நிஜத் துப்பாக்கியால் சுடும் இடமும் இருக்கிறது. வெடிச்சத்தம் காதைப் பிளக்கும். சின்னப் பிள்ளைகளோடும் இதய நோய் உள்ளவர்களோடும் போகிறவர்கள் இதை முன்பே தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் நாள்: ஒன்றுமே இல்லை

திட்டத் தாளில் மூன்றாம் நாளுக்கு நேராக நான் எதையும் எழுதவில்லை. அண்ணன் அதைப் பார்த்துவிட்டு, “ஒருநாள் வேஸ்ட்டா?” என்று கேட்டிருந்தார்.

அன்று காலை அம்மாவின் வலது முழங்கால் வீங்கியிருந்தது. பேக்கேஜில் வந்திருந்தால் அந்தக் காலோடு பஸ் ஏற வேண்டும். இல்லையென்றால், கட்டிய பணத்தை விட்டுவிட்டு அறையில் படுத்திருக்க வேண்டும். எங்களுக்கு இரண்டு கவலையும் இல்லை. வெந்நீர் ஒத்தடம், மருந்து, பத்து மணி வரை படுக்கை. அப்புறம் ஓட்டலுக்குக் கீழே இருந்த காபிக் கடை.

காபியில் நமக்கும் அவர்களுக்கும் பங்காளி உறவு. டம்ளர் மேல் ‘ஃபின்’ என்ற சின்ன அலுமினிய ஃபில்டரை வைத்துக் கொண்டுவருகிறார்கள். டிகாக்‌ஷன் சொட்டுச் சொட்டாக இறங்க வேண்டும். அடியில் பாலுக்குப் பதில் கெட்டியான கண்டென்ஸ்டு மில்க். “சிக்கரி இல்ல போல. ஆனா நல்லா கறுகறுன்னு இருக்கு” என்று சர்டிஃபிகேட் கிடைத்தது.

எதிர்ச்சாரியில் ஒரு பெண்மணி நடைபாதையில் நூடுல்ஸ் கடை போட்டிருந்தார். பிளாஸ்டிக் முக்காலிகள், ஒரு பெரிய குண்டான், ஒரு கல்லாப்பெட்டி, அவ்வளவுதான். அம்மா இரண்டு மணி நேரம் அதையே பார்த்தார். எத்தனை கிண்ணம் போகிறது, யார் பாத்திரம் கழுவுகிறார்கள், தண்ணீரை எங்கிருந்து பிடிக்கிறார்கள் என்று ஒவ்வொன்றாக எனக்குச் சொன்னார். “மதியத்துக்குள்ள நூத்தம்பது கிண்ணம் ஆகும்” என்று ஒரு கணக்கும் போட்டார். கடையைக் கட்டும்போது அந்தப் பெண்மணி எங்களைப் பார்த்துச் சிரித்துக் கையை ஆட்டினார். அம்மாவும் ஆட்டினார். ஊருக்கு வந்த பிறகு அம்மா அக்கம்பக்கத்தில் அதிகம் சொல்வது இந்த நாளைப் பற்றித்தான்.

சாப்பாட்டுக்கு நாலு வார்த்தை போதும். ‘கா’ என்றால் கோழி, ‘போ’ என்றால் மாட்டிறைச்சி, ‘ஹேயோ’ என்றால் பன்றி. சைவத்துக்கு ‘சாய்’ என்று கேட்க வேண்டும். டீ கேட்பதுபோலத்தான் இருக்கும், ஆனால் புரிந்துகொள்வார்கள். அவர்களிலும் பலர் அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் சைவம் சாப்பிடுகிறவர்கள். ‘சாய்’ என்று பலகை மாட்டிய தனி உணவகங்கள் நிறைய உண்டு. சாதாரணக் கடையில் காய்கறி மட்டும் கேட்டால் அதில் மீன் சாறு ஊற்றியிருக்க வாய்ப்பு அதிகம். அம்மா செவ்வாய், வெள்ளி அசைவம் தொடமாட்டார். அந்த நாள்களில் சாய் கடையில் ‘பான் சேயோ’ கைகொடுத்தது. அரிசி மாவும் மஞ்சளும் தேங்காய்ப்பாலும் சேர்த்துச் சுடும் மொறுமொறு தோசை என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

நான்காம் நாள்: தென்னங்காட்டில் மீகாங்

ஒருநாள் ஓய்வில் வீக்கம் வடிந்துவிட்டது. நான்காம் நாள் மைதோ, பென் ட்ரே. மைதோ சுமார் 70 கிலோமீட்டர். அங்கே வின் ட்ராங் பகோடாவில் சிரித்தபடி உட்கார்ந்திருக்கும் பிரம்மாண்டமான புத்தரைப் பார்த்துவிட்டு, படகில் ஆற்றைக் கடந்தால் தென்னைக்குப் பேர்போன பென் ட்ரே.

தேங்காய்ப்பாலைச் சர்க்கரையோடு காய்ச்சி மிட்டாய் செய்கிறார்கள். கிண்டக் கிண்டச் சுருண்டு வரும் பதத்தைப் பார்த்ததும், “இப்ப எறக்கிடணும்” என்றார் அம்மா. அவர்களும் இறக்கினார்கள். மிட்டாயைச் சுற்றியிருக்கும் மெல்லிய தாள் அரிசியில் செய்தது. பிரிக்க வேண்டாம், அப்படியே சாப்பிடலாம்.

ஓடை வழியாகச் சின்னத் துடுப்புப் படகில் போவதுதான் இந்தப் பயணத்தின் சிகரம். இரண்டு பக்கமும் நீர்த்தென்னை ஓலைகள் கவிந்திருக்க, கூம்புத் தொப்பிப் பெண்கள் துடுப்புப் போடுகிறார்கள். பெரிய படகிலிருந்து சின்னப் படகுக்கு இறங்கும் அந்த ஒரு எட்டுதான் முழங்காலுக்குச் சோதனை. படகோட்டியிடம் முன்பே சைகையால் காட்டிவிட்டால், படிக்கட்டோடு ஒட்டி நிறுத்திக் கைபிடித்து இறக்குகிறார்கள்.

மிதக்கும் சந்தை பார்க்க வேண்டுமென்றால் கான் தோ வரை, 160 கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும். சந்தை கூடுவது விடியற்காலையில். அதனால் அங்கே ஒரு ராத்திரி தங்கினால்தான் உண்டு. ஒரே பகலில் முடித்துவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நாங்கள் அதை விட்டுவிட்டோம். தாய் நின் பக்கத்து காவ் தாய் கோயிலையும், படகில் போகக்கூடிய வுங் தாவ் கடற்கரையையும்கூட விட்டோம்.

ஐந்தாம் நாள்: போரின் முகம்

கடைசி நாளுக்கு நகரத்துக்குள்ளேயே இரண்டு இடங்கள். 1975 ஏப்ரல் 30 அன்று டாங்கிகள் கேட்டை உடைத்துக்கொண்டு நுழைந்த அரண்மனை ஒன்று. போர்ச் சின்னங்கள் அருங்காட்சியகம் இன்னொன்று. ஏஜென்ட் ஆரஞ்சு என்ற நச்சு மருந்து தலைமுறைகளைத் தாண்டி என்ன செய்தது என்று காட்டும் படங்கள் அருங்காட்சியகத்தில் உண்டு. அம்மா பாதியிலேயே இறங்கி வந்து கீழே பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார். நான் முழுவதும் பார்த்தேன். இரண்டுமே சரிதான். குழந்தைகளோடு போகிறவர்கள், முதலில் பெரியவர்களில் ஒருவர் உள்ளே போய்ப் பார்த்துவிட்டு முடிவுசெய்யுங்கள்.

மாலையில், 2024 டிசம்பரில் திறந்த மெட்ரோவில் பென் தானிலிருந்து கடைசி நிறுத்தம் வரை போய்த் திரும்பினோம். உட்கார்ந்தபடியே நகரத்தைச் சுற்றிப் பார்க்க இதைவிட மலிவான வழி இல்லை.

பணம் எவ்வளவு?

ஒரு ரூபாய்க்கு ஏறக்குறைய 300 டாங். எல்லாம் ஆயிரத்திலும் லட்சத்திலும்தான் பேச்சு. இதில் 20,000 டாங், 5,00,000 டாங் இரண்டு நோட்டுமே நீல நிறம். இருட்டில் மாற்றிக் கொடுத்தால் 25 மடங்கு போய்விடும். அம்மா முதல் நாளே ஐந்து லட்சம் நோட்டுகளை எல்லாம் சுருக்குப்பைக்கு மாற்றிவிட்டார்.

விமானம், விசா, அறை, கார், சாப்பாடு எல்லாம் சேர்த்து இருவருக்கும் ஒரு லட்சத்து இருபதாயிரம் ரூபாய் என்று எல்லை வைத்திருந்தோம். சத்துணவு மையத்தில் இருப்புப் பதிவேடு எழுதிய பழக்கத்தில், அம்மா ஒரு நாற்பது பக்க நோட்டில் ஒவ்வொரு செலவையும் தேதி போட்டு எழுதினார். ஊர் திரும்பியதும் கூட்டிப் பார்த்தார். 8,400 ரூபாய் மிச்சம்.

அதை வீட்டுச் செலவில் சேர்க்கவில்லை. நோட்டுக்குள்ளேயே வைத்து பீரோவில் பூட்டியிருக்கிறார். அந்த நோட்டின் அடுத்த பக்கத்தில், “கான் தோ – ஒரு ராத்திரி தங்கணும்” என்று எழுதியிருப்பதை நேற்றுத்தான் பார்த்தேன்.